தொலைதூர வேட்டைத் துப்பாக்கிக்கு எந்த மேக்னம் தோட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், ராக்கி மலைப் பக்கம், எல்க் மானையும் மியூல் மானையும் உரிமம் எடுத்து வேட்டையாடுகிறவர்களுக்கான பக்கம் இது. கடையில் தொங்குவதை வாங்காமல், கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி கட்டும் கைவினைஞரிடம்) சொல்லிக் கட்டுவிக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளைப் பற்றியது. போல்ட் என்பது கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் அடைப்பு. அதுவும் அது ஓடும் உடலும் சேர்ந்தது ஆக்‌ஷன். குழலுக்குப் பேரல் என்று பெயர்.

சொற்களை முதலிலேயே பிரித்துவிடுவோம். இங்கே தோட்டா என்றால் முழுச் சாமான்: பித்தளைக் கேஸ் (கூடு), அடியில் பொறி கொடுக்கும் ப்ரைமர், பவுடர், நுனியில் குண்டு. குண்டு என்றால் பறந்து போகும் பாகம் மட்டும். தமிழில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். தூரம் கஜத்தில், எடை கிரெயினில் சொல்லப்படும். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்ட்.

மேக்னம் என்ற பெயருக்கு இலக்கணம் உண்டா?

கிடையாது. அது விற்பனைப் பெயர். அதே விட்டமுள்ள குண்டுக்குப் பின்னால் வழக்கத்தைவிடப் பெரிய கேஸ், கூடுதல் பவுடர், அவ்வளவுதான் பொருள்.

பெயரைவிட வம்சாவளி உதவும். வேட்டைக்காரர்கள் இன்று பேசும் மேக்னங்களில் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களில் அடங்கும். முதலாவது, 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 (இந்த எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்). அடியில் பெல்ட் (சுற்றுப் பட்டை) உள்ள கேஸ். அதை வெட்டியும் குறுக்கியும் பிறந்தவைதான் .338 வின்செஸ்டர் (1958), 7 மிமீ ரெமிங்டன் (1962), .300 வின்செஸ்டர் (1963). இரண்டாவது, பெல்ட் இல்லாத .404 ஜெஃப்ரி வழி: .300 ரெமிங்டன் அல்ட்ரா மேக்னம் (1999), அதன்பின் 26, 28, 30 நாஸ்லர். மூன்றாவது, .375 ரூகர் (2007) கேஸிலிருந்து வந்த .300 பிஆர்சி (2019), 7 பிஆர்சி (2022).

மூன்று குடும்பத்துக்கும் கேஸின் அடிவிளிம்பு ஏறக்குறைய ஒரே அளவு, 0.53 அங்குலம். ஆகவே மேக்னம் போல்ட் முகம் (கேஸின் அடியைப் பிடிக்கும் முன்பகுதி) உள்ள ஒரு ஆக்‌ஷனை வாங்கிவிட்டால், பிற்காலத்தில் பேரலை மட்டும் மாற்றி வேறு மேக்னத்துக்குப் போகலாம். .30-06 வகைக்கு 0.473 அங்குல முகம் வேண்டும், .338 லாபுவாவுக்கு 0.590 அளவில் வேண்டும். இந்த இரண்டும் அந்தக் கூட்டணியில் சேராது.

எல்க்குக்கு மேக்னம் கட்டாயமா?

இல்லை. 300 கஜத்துக்குள் நல்ல குண்டு போட்ட .270 வின்செஸ்டரும் .30-06ம் நூறு ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருகின்றன. மேக்னம் 400 கஜத்துக்கு அப்பால்தான் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. அதுவும் குண்டு இறங்குவதைக் குறைப்பதால் அல்ல. தூரம் அளக்கும் லேசர் கருவியும் ஸ்கோப்பின் திருகும் இருக்கும்போது இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது காற்று. நல்ல மேக்னம் காற்றில் குறைவாக விலகும், போய்ச் சேரும்போது குண்டு விரியும் அளவுக்கு வேகம் மிச்சம் வைத்திருக்கும். இந்த இரண்டுக்காக மட்டுமே உதையையும் சத்தத்தையும் செலவையும் பொறுத்துக்கொள்கிறோம்.

தேர்வை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

குண்டிலிருந்து. தோட்டாவின் பெயரிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் இரண்டாவது பேரலுக்கும் பணம் கட்டுகிறார்கள்.

ஒவ்வொரு வேட்டைக் குண்டும் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் விரியாது. ஊசி குத்தியதுபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும், விலங்கு காயத்தோடு ஓடிவிடும். முழுச் செம்புக் குண்டுகள் பலவற்றுக்கு வினாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வரை தேவை. ஈயக் கரு உள்ளவற்றில் பெர்கர் தன் வேட்டைக் குண்டுகளுக்கு 1,800 அடி என்கிறது. நாஸ்லரின் அக்யூபாண்ட் லாங் ரேஞ்ச் 1,300 அடியிலேயே விரியும் என்று அதைச் செய்பவர்கள் சொல்கிறார்கள். நிறுவனம் சொல்லும் எண்ணின் மேல் 100, 200 அடி சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. சோதனை ஜெல்லில் எலும்பு கிடையாது.

இப்போது கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். 7 பிஆர்சியில் 175 கிரெயின் ஈஎல்டி-எக்ஸ் என்ற நீளக் குண்டு 3,000 அடி வேகத்தில் கிளம்பினால், கடல்மட்டக் காற்றில்கூட 600 கஜத்தில் ஏறக்குறைய 2,200 அடி மிஞ்சும். 1,800க்கு இறங்க 900 கஜத்தைத் தாண்ட வேண்டும். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் சாதாரண வடிவமுள்ள 180 கிரெயின் குண்டு 2,960 அடியில் கிளம்பினாலும் 600 கஜத்தில் 1,900 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டும் மேக்னம்தான், கிளம்பும் வேகமும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் குண்டின் வடிவத்தில் இருக்கிறது.

எல்க்குக்கு 1,500 அடி-பவுண்ட் ஆற்றல் வேண்டும் என்ற விதியும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. கைவழி வந்த கணக்கு அது. மோசமான விதி இல்லை, ஆனால் ஆற்றல் மிஞ்சியிருந்தும் குண்டு விரியாவிட்டால் என்ன பயன்? முதலில் வேகத்தைப் பாருங்கள்.

கேஸ் பெரிதாகப் பெரிதாகக் காற்று விலகல் குறையுமா?

குறையும். எவ்வளவு என்று பார்த்தால்தான் சிரிப்பு வரும்.

குறுக்காக மணிக்கு 10 மைல் காற்று, 600 கஜம், கடல்மட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 180 கிரெயின் சாதாரணக் குண்டு சுமார் 26 அங்குலம் விலகும். 7 பிஆர்சியின் 175 கிரெயின் நீளக் குண்டு சுமார் 18 அங்குலம். நல்ல வடிவம் கொடுத்த லாபம் 8 அங்குலம். அதே 175 கிரெயின் குண்டை 28 நாஸ்லரில் போட்டு, 65 கிரெயினுக்குப் பதில் 80 கிரெயின் அளவில் பவுடர் எரித்து, 3,150 அடிக்கு ஏற்றினால் விலகல் 16 அங்குலத்துக்குச் சற்று மேல். கூடுதலாக 15 கிரெயின் பவுடர், கூடுதல் உதை, சீக்கிரம் தேயும் பேரல். கைக்கு வந்தது ஓர் அங்குலமும் கொஞ்சமும்.

எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பரப்பு சுமார் 14 அங்குலம் என்று கொள்ளலாம். நடுவில் குறிவைத்தால் இரு பக்கமும் 7 அங்குலம் இடம். மணிக்கு 5 மைல் காற்றைத் தவறாகக் கணித்தால் 7 பிஆர்சியில் 9 அங்குலம் தள்ளிப்போகும். 28 நாஸ்லரில் 8. இரண்டுமே வெளியேதான் விழும்.

7 மிமீ ரெமிங்டன் மேக்னமா, 7 பிஆர்சியா?

இரண்டும் போடுவது ஒரே 0.284 அங்குலக் குண்டு. வேறுபாடு வடிவமைத்த காலத்தில் இருக்கிறது. 1962இல் யாரும் 180 கிரெயின் நீளக் குண்டை நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே பழைய ரெமிங்டன் பேரல்களின் ட்விஸ்ட் (குண்டைச் சுழற்றும் உட்புரிகளின் முறுக்கு) 9.25 அங்குலத்துக்கு ஒரு சுற்று, மற்றவர்களுடையது பெரும்பாலும் 9.5. இன்றைய 175, 180 கிரெயின் குண்டுகளுக்கு அது போதாமல் போகலாம். 7 பிஆர்சியோ 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று தரத்திலேயே எழுதிவைத்துப் பிறந்தது. கேஸ் 2.280 அங்குலம்தான், தோட்டாவின் முழு நீளம் 3.340 வரை போகலாம். நீளக் குண்டு கேஸுக்குள் இறங்கிப் பவுடர் இடத்தைப் பிடிக்காது.

கன்ஸ்மித் கட்டும் துப்பாக்கியில் இந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிடும் என்பதைப் பலர் சொல்வதில்லை. 7 ரெமிங்டனுக்கு 8 ட்விஸ்ட் பேரலும் நீளமான தொண்டையும் (தோட்டா அமரும் சேம்பருக்கு முன்னால், உட்புரிகள் தொடங்கும் வரை உள்ள இடம்) வைத்துக் கட்டினால் அது 7 பிஆர்சிக்குத் தோள் கொடுத்து நிற்கும். எனவே முடிவு இப்படி: தோட்டாவை நீங்களே அடைக்கிறவர், பழைய பித்தளை கைவசம் இருக்கிறது என்றால் 7 ரெமிங்டன். கடைத் தோட்டாதான் சுடப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் 7 பிஆர்சி. தோட்டாவும் சேம்பரும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை.

.300 வின்செஸ்டர் மேக்னத்தின் கழுத்து குட்டை என்கிறார்களே, அது குறையா?

குறைதான், ஆனால் 60 வருடமாக யாரையும் தடுக்காத குறை. கழுத்து நீளம் 0.264 அங்குலம், குண்டின் விட்டமோ 0.308. முழு நீள வரம்பு 3.340 அங்குலம் என்பதால், 210 கிரெயினுக்கு மேற்பட்ட குண்டின் வால் கேஸின் வயிற்றுக்குள் இறங்கும். .300 பிஆர்சி இதற்காகவே வந்தது: பெல்ட் இல்லை, முழு நீளம் 3.700 அங்குலம், 212 கிரெயின் குண்டைக் கடைத் தோட்டாவிலேயே 2,860 அடிக்குத் தள்ளும்.

மாட்டிக்கொள்ளும் இடம் மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி. ரெமிங்டன் 700 வகை நீள ஆக்‌ஷனின் வழக்கமான உள் மேகசின் சுமார் 3.6 அங்குலம். .300 பிஆர்சி அதில் நுழையாது. நீட்டித்த பெட்டியோ 3.7க்கு மேல் இடமுள்ள கழற்று மேகசினோ வேண்டும். ஆக்‌ஷனை வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மறுபக்கம், .300 வின்செஸ்டருக்குத் தொண்டையை நீளமாக வெட்டி, 3.5 அங்குலத்துக்கு மேல் நீளமாக அடைத்து, 10 ட்விஸ்ட் பேரலிலேயே 215 கிரெயின் பெர்கரைச் சுடுகிறவர்கள் ஏராளம். ஒரே விலை: அப்படி வெட்டிய சேம்பரில் கடைத் தோட்டாவின் குண்டு ரைஃப்ளிங்கை (உட்புரிகளை) தொடுமுன் வெகுதூரம் தாவ வேண்டும், இலக்கில் விழும் துளைகளின் குழு பரவலாம். ஆனால் விமானத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்து, கொலராடோவின் கிரெய்க் மாதிரி ஒரு மலையூரில் நிற்கும்போது, கடை அலமாரியில் கிடைக்க அதிக வாய்ப்புள்ள மேக்னங்கள் .300 வின்செஸ்டரும் 7 ரெமிங்டனும்தான். அந்தப் பழம்பெயருக்கு இந்த மதிப்பு உண்டு.

28 நாஸ்லர், .300 அல்ட்ரா மேக்னம் எல்லாம் யாருக்கு?

பேரலைத் தேயும் சாமானாக, காரின் டயர் மாதிரி, ஏற்றுக்கொண்டவர்களுக்கு. குறுகிய துளை வழியே அதிகப் பவுடர் எரியும்போது தொண்டைப் பகுதி எஃகு ஒவ்வொரு சுடுதலிலும் வெந்து, வறண்ட குளத்து மண்ணைப்போல் வெடித்து, உதிரும். சுமாராகச் சொன்னால் 28 நாஸ்லரின் நல்ல துல்லியம் 800 முதல் 1,000 சுடுதல் வரை; 7 ரெமிங்டன், 7 பிஆர்சி 1,200 முதல் 1,500; .300 வின்செஸ்டர் 1,500க்கு மேல். பேரல் ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல் பத்துப் பத்தாகச் சுட்டால் எந்த எண்ணும் பாதியாகும்.

ஆண்டுக்கு 80 தோட்டா சுடுகிறவருக்கு 800 என்பது பத்து ஆண்டு. அவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் ஆண்டுக்கு 80 சுடுகிறவர் 700 கஜத்தில் எல்க்கை நோக்கி விசையை இழுக்கலாமா என்பது வேறு கேள்வி.

.300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம், 6.8 வெஸ்டர்ன்?

குட்டை ஆக்‌ஷனில் சில அவுன்ஸ் மிச்சம். பருத்த கேஸும் கூர்மையான தோளும் (கேஸ் கழுத்தாகக் குறுகும் சரிவு) சில மேகசின்களில் முட்டிக்கொள்ளும். கட்டி முடித்ததும் நான்கு தோட்டா போட்டு வேகமாகவும் மெதுவாகவும் போல்ட்டை ஓட்டிப் பார்க்காமல் வாங்கிவராதீர்கள். 2021இல் வந்த 6.8 வெஸ்டர்ன் நன்றாகத் திட்டமிட்ட தோட்டா. பித்தளையும் குண்டும் 7 மிமீ அளவுக்குப் பலதரமாகக் கிடைப்பதில்லை.

.338?

எல்க்குக்குத் தேவையில்லை. அலாஸ்காவின் பழுப்புக் கரடி நாட்டில் .338 வின்செஸ்டருக்கு இடமுண்டு. .338 லாபுவாவைத் தோளில் போட்டு மலையேறுகிறவரை மறுநாள் கேட்டுப் பாருங்கள்.

உதை எவ்வளவு இருக்கும்?

ஸ்கோப்போடு 9 பவுண்ட் எடையுள்ள துப்பாக்கிக்கு, பிரேக் (பேரல் முனையில் உதையைக் குறைக்கும் துண்டு) இல்லாமல், கணக்குப்படி தோராயம்: .30-06க்கு 20 அடி-பவுண்ட், 6.5 பிஆர்சிக்கு 18, 7 ரெமிங்டனில் 160 கிரெயினுக்கு 23, 7 பிஆர்சிக்கு 27, .300 வின்செஸ்டரில் 200 கிரெயினுக்கு 30, 28 நாஸ்லருக்கும் .300 பிஆர்சிக்கும் 34, 35, அல்ட்ரா மேக்னத்துக்கு 40க்கு மேல்.

எடையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அதே .300 வின்செஸ்டரை 7 பவுண்ட் மலைத்துப்பாக்கியாகக் கட்டினால் 30 என்பது 39 ஆகிவிடும். இரண்டு பவுண்ட் மிச்சம் பிடித்து, .300 அல்ட்ராவின் உதையை வாங்கியிருக்கிறீர்கள், அதன் வேகம் இல்லாமலே.

25 அடி-பவுண்டைத் தாண்டினால் பலருக்கு விசையை இழுக்குமுன் உடல் தானாகச் சுருங்கும். மறைக்கவும் முடியாது: நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் சில முறை வெற்றுக் கேஸை ஏற்றித் தரச் சொல்லுங்கள். சத்தம் வராத இடத்தில் துப்பாக்கி முனை கீழே குத்தினால் விடை கிடைத்துவிட்டது. ஒரு படி சின்னத் தோட்டா எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மசில் பிரேக் போட்டால் தீர்ந்ததா?

உதை மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். குண்டு விழுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம், அது பெரிய வசதி. ஆனால் பிரேக் போட்ட மேக்னத்தின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். திடீர் ஒலிக்குக் காது தாங்கும் வரம்பு 140 என்கிறார்கள். வேட்டையில் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டிக்கும் காதடைப்பு கொடுக்காமல் சுடுவது அவருடைய காதைப் பறிப்பதற்குச் சமம். சப்ரெஸர் (சத்தத்தை அடக்கும் குழாய்) இரண்டுக்கும் மருந்து, ஆனால் கூட்டரசுப் பதிவு வேண்டும், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் அனுமதியே இல்லை. போடப் போகிறீர்கள் என்றால் பேரலை 22 அங்குலத்தில் நிறுத்துங்கள். ஓர் அங்குலம் குறைந்தால் 20 முதல் 30 அடி வேகம் போகும். 26 அங்குலப் பேரல், அதன்மேல் 7 அங்குல சப்ரெஸர் என்றால் மரக்கிளைகளோடு மல்லுக்கட்டுவதுதான் வேலையாக இருக்கும்.

பெல்ட் உள்ள கேஸ் துல்லியத்தைக் கெடுக்குமா?

நேரடியாக இல்லை. பழைய .375இன் தோள் சரிவாக இருந்ததால், கேஸ் சேம்பருக்குள் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதற்காக வைத்த பட்டை அது. .300 வின்செஸ்டருக்குத் தெளிவான தோள் இருக்கிறது. பட்டை அதற்கு வெறும் குடும்ப அடையாளம்.

தொல்லை மறு அடைப்பில் வரும். பட்டை நிறுத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் சேம்பரின் தோளைத் தாராளமாக வெட்டிவிடுவார்கள். முதல் சுடுதலில் கேஸ் முன்னால் நீளும். நீங்கள் டையை (கேஸைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சை) முழுக்க இறக்கித் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளுவீர்கள். மறுபடி நீளும். நீளும் பித்தளை பட்டைக்குச் சற்று மேலிருந்துதான் வரும். நாலைந்து முறையில் அங்கே உள்பக்கம் பள்ளம் விழுந்து கேஸ் இரண்டாகப் பிரியும். தோளை 0.002 அங்குலம் மட்டும் தள்ளும்படி டையை அமைத்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு கம்பியின் நுனியை வளைத்துக் கேஸின் உள்சுவரைத் தடவிப் பாருங்கள். பட்டைக்கு மேலே சொரசொரவென்று இடறினால் அந்தக் கேஸைக் குப்பையில் போடுங்கள்.

செம்புக் குண்டுக்கு ட்விஸ்ட் மாற வேண்டுமா?

செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். 7 மிமீக்கு 8, .30க்கு 8.5 அல்லது 9 போட்டுவிட்டால் பின்னால் வருத்தமில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் கூடவே கூடாது, அங்கே போகும் எண்ணமிருந்தால் இதை முன்கூட்டியே பாருங்கள்.

கன்ஸ்மித்திடம் என்னென்ன கொடுக்க வேண்டும்?

வாயால் சொல்வதைவிடக் கையில் கொடுப்பது மேல். ஒரு மாதிரித் தோட்டா செய்யுங்கள்: ப்ரைமரும் பவுடரும் இல்லாமல், நீங்கள் சுடப் போகும் அதே நிறுவனத்துக் கேஸில், அதே குண்டை, மேகசினின் உள் நீளத்தைவிட 0.040 அங்குலமாவது குறைவாக வைத்து அழுத்தியது. குண்டின் உருளைப் பகுதி முடியும் இடம் கழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த மாதிரிக்கு ஏற்பத் தொண்டை நீளத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது கழுத்து விட்டம். மாதிரியின் கழுத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, சேம்பர் கழுத்து அதைவிட 0.004 அங்குலம் அளவில் பெரிதாக இருக்கட்டும். துல்லிய ஆசையில் இறுக்கமாக வெட்டச் சொல்லிவிட்டு, பிறகு சுவர் தடித்த வேறு நிறுவனப் பித்தளை வாங்கினால், கழுத்து விரிந்து குண்டை விட இடமிருக்காது. அழுத்தம் தாறுமாறாக ஏறும். வேட்டைத் துப்பாக்கிக்கு இறுக்கக் கழுத்து வேண்டாம்.

கடைத் தோட்டாதான் என்றால் இவ்வளவும் தேவையில்லை, "சாமி தர ரீமர்" என்று ஒரு வரி போதும். ரீமர் என்பது சேம்பரை வெட்டும் கருவி. சாமி என்பது அமெரிக்கத் துப்பாக்கி உற்பத்தியாளர்களின் தர அமைப்பு. நம்ம சாமி இல்லை.

பெல்ட் கேஸ் என்றால் ஹெட்ஸ்பேஸை (சேம்பருக்குள் கேஸ் நிற்கும் அளவை) பட்டையில் பிடிக்காமல் தோளில் பிடிக்கச் சொல்லி, புதுக் கேஸ் இரண்டைக் கூடவே அனுப்புங்கள். பேரல் மேல் தோட்டாவின் முழுப் பெயரும் ட்விஸ்டும் பொறிக்கப்பட வேண்டும். ரீமரின் வரைபடப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த பேரலுக்கு உதவும். இதற்கெல்லாம் முன்பே 100 கேஸும் ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) குண்டு 300ம் கைக்கு வந்திருக்க வேண்டும். துப்பாக்கி வந்து பித்தளை வராமல் ஒரு வேட்டைப் பருவம் போவது புதிய தோட்டாக்களில் சாதாரணம்.

புதுப் பேரலில் எப்போது கணக்கை முடிவு செய்வது?

முதல் 100, 150 சுடுதலுக்குள் வேகம் தானாக ஏறும். 50 அடிக்கு மேல்கூடப் போகும். அதற்குமுன் ஸ்கோப் திருகுக்கு அட்டவணை அச்சடித்தால் மறுபடி அச்சடிக்க வேண்டியதுதான். அடைக்கிறவர்களுக்கு இன்னொன்று: தொடக்கத்தில் அழுத்தம் இல்லாமல் இருந்த அளவு, வேகம் ஏறியதும் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கலாம். பவுடர் நிறுவனம் வெளியிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். போல்ட் கனத்தாலோ, கேஸ் அடியில் பளபளப்பான வட்டம் விழுந்தாலோ இறங்குங்கள். அடுத்தவர் துப்பாக்கியின் அளவை வாங்கி உங்கள் தொண்டையில் போடாதீர்கள்.

குளிரும் உயரமும் எவ்வளவு மாற்றும்?

8,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 18 அங்குலம் விலகிய குண்டு அங்கே 14 அங்குலத்தில் நிற்கும். டெக்ஸஸ் சமவெளியில் சரிபார்த்த திருகுக் கணக்கு அங்கே குண்டை மேலே தூக்கிப் போடும். குளிர் எதிர்ப்பக்கம் இழுக்கும். வெப்பத்துக்கு மாறும் பவுடர் என்றால், ஆகஸ்டில் 90 பாகை ஃபாரன்ஹீட்டில் அளந்த வேகம் நவம்பரில் 30 பாகையில் 60 அடி குறையலாம். 600 கஜத்தில் 3, 4 அங்குலம் தாழ்வு. ஹாட்ஜன் எச்1000, ரெடும்போ போன்ற பவுடர்கள் இந்த விஷயத்தில் ஓரளவு நிலையானவை. தோட்டாவில் மழை ஈரமோ எண்ணெயோ இருந்தாலும் சிக்கல்தான்: கேஸ் சேம்பர் சுவரைப் பற்றாமல் போல்ட்டை முழு வேகத்தில் பின்னால் தள்ளும்.

சட்டம் குறுக்கே வருமா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .24 விட்டம், 85 கிரெயின் விரியும் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்ட். எந்த மேக்னமும் தூங்கிக்கொண்டே தாண்டிவிடும். ஐடஹோவில் 16 பவுண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கியால் பெருவிலங்கு வேட்டை கூடாது.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதைவிட முக்கியமானது ஒன்று. அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் தீர்ந்தால் விதிவிலக்கும் தீர்ந்தது. கன்ஸ்மித்துக்கு முன்பணம் கட்டுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட வேட்டைக்கே இடமில்லை. ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம்.

அப்படியானால் நான் எத்தனை கஜம் வரை சுடலாம்?

தோட்டா அதைச் சொல்லாது. 10 அங்குல இரும்புத் தட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். மேசையில் வைத்து அல்ல. முதுகுப்பையின் மேல் சாய்த்து, மூச்சு வாங்க நடந்து வந்தவுடன், பேரல் ஆறியிருக்கும்போது ஒரே ஒரு சுடுதல். வெவ்வேறு நாளில், வெவ்வேறு காற்றில் பத்து முறை. பத்தும் பட்ட தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். 400இல் எட்டுதான் பட்டது என்றால் 350க்கு வாருங்கள்.

இரண்டு மேக்னம் வைத்திருக்கிறேன், எதைக் கவனிக்க?

.300 வின்செஸ்டர், .300 ஷார்ட் மேக்னம், .300 பிஆர்சி, .300 அல்ட்ரா நான்கின் பெட்டியிலும் பெரிதாக 300 என்றுதான் எழுதியிருக்கும். தவறான சேம்பரில் ஏறிய தோட்டா துப்பாக்கியை உடைக்கும், கையையும். மைதானத்துக்கு ஒரு துப்பாக்கி, ஒரு வகைத் தோட்டா மட்டும் எடுத்துப் போங்கள். கேஸ் அடியில் பொறித்த எழுத்தைப் படித்துவிட்டு மேகசினில் போடுங்கள். விமானத்தில் போகும்போது பல நிறுவனங்கள் ஆளுக்கு 11 பவுண்ட் தோட்டாதான் அனுமதிக்கின்றன. அதையும் உதிரியாகப் பையில் கொட்டாமல், தோட்டாவுக்கென்று செய்த பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும்.